பவித்ராவின் இடது கை

கையை நீட்டு என்றால் நம் பிள்ளைகள் வலது கையைத்தான் நீட்டுவார்கள். இடது கையை நீட்டித் திட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் அல்லவா? எலும்பைப் பார்த்து வயது சொல்லும் வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் இடது கையைத்தான் கேட்கின்றன என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? "சோத்துக் கை வேணாந் தாயி, பீச்சாங்கைய வையி" என்று எக்ஸ்ரே எடுக்கும் மைதீன் பிச்சை ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்வார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் படம் கெடும், படம் கெட்டால் டாக்டர் சத்யபிரியாவின் முகம் கோணிப் போகும்.

சத்யபிரியா திண்டுக்கல்லில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிய ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். கை எலும்புப் படத்தை வைத்துக் குழந்தையின் வயதைக் கணிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவற்றில் எது பொருந்துகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. முதல் வழி, அட்லஸ். வயது வாரியாகக் கைப் படங்கள் அச்சடித்த பெரிய புத்தகம் அது. நம்மிடம் இருக்கும் படம் எந்தப் பக்கத்தின் ஜாடையில் இருக்கிறதோ, அதுதான் வயது. கல்யாண வீட்டில் பிள்ளையைப் பார்த்து இது யார் வீட்டு வாரிசு என்று கண்டுபிடிப்போமே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான். இரண்டாவது வழியில் ஒவ்வோர் எலும்புக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். தலைவலி பிடித்த வேலை. மூன்றாவது கம்ப்யூட்டர். படத்தைக் கொடுத்துக் கண்ணை மூடித் திறப்பதற்குள் வயதைச் சொல்லிவிடும். எப்படிச் சொன்னாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காது.

இந்த மூன்றில் எது உண்மை வயதுக்குப் பக்கத்தில் வருகிறது என்பது கேள்வி. உண்மை வயது என்பது பிறப்புச் சான்றிதழில் இருப்பது. அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று ஆய்வுக்கு அனுமதி கொடுத்த பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை, சத்யபிரியாவுக்கும் தோன்றவில்லை.

படம் பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே ஆனி மாதக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தாலும் உள்ளே ஏசி உறுமலும் இருட்டும்தான். பெயரை எல்லாம் மறைத்து, வெறும் எண்ணோடு ஒவ்வொரு கையாகத் திரையில் கொண்டுவந்து பார்ப்பாள். பெயர் தெரிந்தால் வயது தெரியும், வயது தெரிந்தால் கண் அதற்குத் தகுந்தபடி பார்க்க ஆரம்பித்துவிடும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. முதலில் எல்லாக் கைகளையும் அட்லஸோடு பொருத்திப் பார்த்தாள். பிறகு மதிப்பெண் போட்டாள். கடைசியில் கம்ப்யூட்டரிடம் கொடுத்தாள். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டன. அட்லஸ் கூட்டிச் சொன்னதை மதிப்பெண் குறைத்தது, மதிப்பெண் சொன்னதைக் கம்ப்யூட்டர் மதிக்கவே இல்லை. ஆய்வு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு கைக்கு மட்டும் மூன்றும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசின. கம்ப்யூட்டர் பதிமூன்றே முக்கால் என்றது. அட்லஸ் பதினாலு என்றது. மதிப்பெண்ணைக் கூட்டினால் பதினாலரை வந்தது. சான்றிதழ்களைத் திறந்து பார்த்தபோது அந்தக் கைக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

சத்யபிரியா அந்தப் படத்தைத் திரும்பவும் திரைக்குக் கொண்டுவந்தாள். மெலிந்த விரல்களை நன்றாக விரித்து வைத்த கை. பதினெட்டில் மூடியிருக்க வேண்டிய எலும்பு முனைகள் திறந்தே கிடந்தன. கறுத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கையை ஊன்றி நின்று உள்ளே விடச் சொல்வது போல இருந்தது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, முன்னங்கை எலும்பில், குறுக்காக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. பெரிய காய்ச்சலோ பட்டினியோ வந்த பிள்ளைகளுக்கு இப்படி விழுவதுண்டு என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அறையை விட்டு வெளியே வந்தவளுக்கு ஒரு சந்தேகம். திரையை அணைத்துவிட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது.

பெயர் பவித்ரா. அகரம் தாண்டி ஒரு சின்ன ஊர். அரசுப் பள்ளியில் ஒன்பதாவது வகுப்பு. பதினேழு வயதில் ஒன்பதாவதா என்று ஆசிரியரிடம் போனில் விசாரித்தாள். பிள்ளைக்குச் சிறுவயதில் உடம்பு சரியில்லாமல் போய்ப் பிந்திச் சேர்த்தார்கள் என்று பெற்றோர் சொன்னதாக அவர் சொன்னார். எலும்பு இப்படிப் பின்தங்க ஒரு டாக்டருக்கு உடனே தோன்றுவது தைராய்டு. அதுவாக இருந்தால் மாத்திரையில் சரியாகிவிடும். ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யப்போகிறோம் என்ற சந்தோஷத்தோடு அவர்களை வரச்சொல்லி, ரத்தம் எடுக்க அனுப்பினாள். முடிவு வந்தபோது அதில் ஒரு குறையும் இல்லை.

மறுபடி வந்தபோது மூன்று பேரும் வந்தார்கள். அப்பா முத்துச்சாமி, சம்பங்கியும் மல்லியும் போட்டிருக்கும் விவசாயி. அம்மா ஒச்சாயி, கழுத்தில் மஞ்சள் கயிறும் முகத்தில் மாறாத ஒரு சாந்தமுமாக இருந்தாள். நடுவில் பவித்ரா. அவள் போட்டிருந்த சுடிதார் அவளைப் போல இன்னொரு ஆளும் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. அதன் கைகளை மூன்று மடிப்பு மடித்து விட்டிருந்தாள்.

"எப்பவும் இவளுக்குப் பெருசாத்தேன் எடுப்பேன்" என்றாள் ஒச்சாயி, டாக்டர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு. "வயசுக்குத்தான எடுக்க முடியும். இவதேன் வளர மாட்டேங்குறா."

"சின்ன வயசுல பெருசா ஏதாவது உடம்புக்கு வந்துச்சாம்மா?"

"வந்துச்சே. மூணு வயசுல காச்சல்ல போயிட்டா. அடுத்த வருசம் வந்துட்டா."

சத்யபிரியாவுக்கு விளங்கவில்லை. "போயிட்டான்னா? நினைவு தப்பிருச்சா? ஐசியூல வச்சிருந்தாங்களா?"

"இல்ல டாக்டரம்மா. இறந்துட்டா. நாங்கதேன் கொல்லையில கொண்டு போயி அடக்கம் பண்ணோம். எம்புட்டு நாளைக்கு அங்கயே கெடப்பா? எனக்கே வந்து பொறந்துட்டா." பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்ததைச் சொல்வது போல இதைச் சொன்னாள் ஒச்சாயி. பவித்ராவின் காது மடலைத் தூக்கிப் பின்னால் இருந்த மச்சத்தைக் காட்டினாள். "அதே எடத்துல அதே மச்சம். நான் பெத்தது எனக்குத் தெரியாதா?"

இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. ஒரு பெண் குழந்தை மூன்று வயதில் இறந்திருக்கிறது. அடுத்து ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. செத்ததை எங்கும் பதியவில்லை, பிறந்ததையும் எங்கும் பதியவில்லை. பழைய பெயர், பழைய சான்றிதழ், பழைய பிறந்த நாள். ஊரை ஏமாற்ற இதைச் செய்திருந்தால் சத்யபிரியாவுக்குக் கோபம் வந்திருக்கும். இவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை.

"பொறந்த தேதி பொறந்த தேதிதேன டாக்டரம்மா" என்றார் முத்துச்சாமி. "நடுவுல செத்த நேரம் இல்லாமப் போயிட்டான்னா வயசு நின்னுருமா?"

பவித்ரா தலையைக் குனிந்து சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தாள். "ஆவணியில எனக்குக் கல்யாணம் டாக்டரக்கா" என்றாள். "அதுக்குள்ள பதினெட்டு முடிஞ்சிரும்."

மாப்பிள்ளை, ஒச்சாயியின் அண்ணன் மகன். நத்தத்தில் மாங்காய் வியாபாரம். பவித்ரா பிறந்து தொட்டிலில் கிடந்தபோதே, அதாவது முதல் பவித்ரா, அண்ணன் வந்து என் மகனுக்குத்தான் இவள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சொன்ன சொல் அப்படியே நிற்கிறது.

பதினாலு வயதுப் பிள்ளைக்கு ஆவணியில் கல்யாணம். பேசிப் புரியவைத்துவிடலாம் என்றுதான் சத்யபிரியா நினைத்தாள். படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. படத்தைக் காட்டினால் எவருக்கும் புரிந்துவிடும் என்று நம்புவார்கள். மூவரையும் அந்த ஜன்னலில்லாத அறைக்கு அழைத்துப்போய்த் திரையில் கையைக் காட்டினாள். இந்த முனை மூடவில்லை பாருங்கள், இது மூடினால்தான் பதினேழு, இவளுக்குப் பதினாலுதான் ஆகிறது என்று விரல் வைத்துச் சொன்னாள்.

"கரெக்டா பதினாலா?" என்று கேட்டார் முத்துச்சாமி.

பொய் சொல்லத் தெரியாதவள். மூன்று வழிகளையும், அவை சொன்ன மூன்று வயதுகளையும் சொன்னாள்.

"நீங்களே மூணு வயசு சொல்றீக. எங்ககிட்ட ஒரே வயசுதேன் இருக்கு" என்றார் அவர். குரலில் கேலி இல்லை, மரியாதையாகவே சொன்னார். "அதுவும் பீச்சாங்கைய எடுத்திருக்கீக. அது எப்பிடி நெசத்தச் சொல்லும்? சோத்துக் கைய எடுத்துப் பாருங்க."

மைதீன் பிச்சையை அழைத்து வலது கையையும் எடுக்கச் சொன்னாள். வலது கையும் அதையேதான் சொன்னது. முத்துச்சாமி கொஞ்சம் தளர்ந்தது போலத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒச்சாயி திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இது என்ன கோடு?"

காய்ச்சல் என்று சொல்லி முடித்திருக்கலாம். என்னத்தையாவது சொல்லியிருக்கலாம். சத்யபிரியாவோ பரீட்சையில் கேட்டது போல முழுப் பதிலையும் சொன்னாள். "எலும்பு வளர்றது கொஞ்ச காலம் நின்னு போயி, மறுபடி வளர ஆரம்பிச்சா, நின்ன எடத்துல இப்பிடி ஒரு கோடு விழும்."

ஒச்சாயி தன் ஆள்காட்டி விரலால் அந்தக் கோட்டை மெல்லத் தொட்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. முகத்தில் இருந்தது துக்கம் அல்ல, அப்படி ஒரு சந்தோஷம்.

"இந்த எடத்துலதேன் போயிருக்கா" என்றாள். "இந்த எடத்துலதேன் வந்திருக்கா. பாத்தீகளா, நான் சொன்னா யாரு நம்புனா? இதுக்குக் கீழ மூணு வருசம். மேல பதினாலு வருசம். கூட்டிப் பாருங்க, நடுவுல இல்லாத காலத்தையும் சேத்து."

எலும்பு அப்படி வளர்வதில்லை, பழைய கோடெல்லாம் அழிந்துபோகும், இது எப்போதோ வந்த காய்ச்சலின் கோடு என்று சத்யபிரியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவள் வாயாலேயே வந்த சாட்சி அது. திரும்ப வாங்க முடியவில்லை. போகும்போது முத்துச்சாமி அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டார். கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் விதி. மைதீன் பிச்சை அச்செடுத்துக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு அவர் அறை வாசலிலேயே நின்றார். "எம் பேருல பிச்சை எதுக்கு இருக்குன்னு நெனக்கிறீங்க டாக்டர்? எனக்கு முன்னாடி மூணு புள்ளைக தங்கல. என்னையப் பள்ளிவாசல் வாசல்ல போட்டு, பிச்சையா எடுத்துக்கிட்டு வந்த மாதிரி பேரு வச்சாக. ஆனா என்னைய யாரும் அந்த மூணு பேருன்னு சொன்னதில்ல. பாவம், அந்தப் புள்ள."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்யபிரியா தானே அந்த ஊருக்குப் போனாள். இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. ஊர் எல்லாம் சம்பங்கி. காற்று ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வாசனை வந்து மூச்சை முட்டியது. முத்துச்சாமி பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ஒச்சாயி வாய் நிறைய வாங்க என்று சொல்லி, மோர் கரைக்க உள்ளே போனாள்.

கூடத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னலில் அந்த எக்ஸ்ரே படம் மாட்டியிருந்தது. பின்னாலிருந்து வெயில் விழுந்து கை பளீரென்று தெரிந்தது. மேலே ஒரு முழம் மல்லிகை. எலும்பின் குறுக்கே அந்தக் கோட்டின் மேல் நேர்த்தியாக ஒரு குங்குமப் பொட்டு. கீழே சின்னத் தட்டில் கற்பூரம் எரிந்த கரி. சத்யபிரியா எத்தனையோ படங்கள் பார்த்தவள். உடைந்த எலும்பு, புரையோடிய எலும்பு, எதையும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவள். அந்த ஜன்னலை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

"வாங்க டாக்டரக்கா, கொல்லையக் காட்டுறேன்" என்று பவித்ரா கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

சம்பங்கிப் பாத்திகள் முடியும் இடத்தில் ஒரு வேம்பு. அதன் அடியில் ஒரு பாய் அளவுக்கு நிலத்தை உழாமல் விட்டிருந்தார்கள். புல் மட்டும் வளர்ந்திருந்தது. அக்கம் பக்கத்து நிலங்களில் எல்லாம் பெண்கள் பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள், பட்டப் பகல். "இங்கதேன் என்னையப் பொதச்சது" என்றாள் பவித்ரா. பள்ளிக்கூடத்தைக் காட்டுவது போலக் காட்டினாள்.

சத்யபிரியா அவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு அப்பிடித்தான் தோணுதா?"

அந்தப் பிள்ளை யோசித்தாள். புல்லை மிதிக்காமல் சுற்றி நடந்து மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். "அம்மாகிட்ட நான்னுதேன் சொல்லுவேன். இங்க வந்தா 'அவ'ன்னு வந்துரும். தனியா பூ எடுக்கைல, கீழ இருந்து கேக்குற மாதிரி இருக்கும்."

"என்னன்னு?"

"எம்புட்டு வயசாச்சுன்னு. மொத எல்லாம் ஏழுன்னு சொல்லுவேன், எட்டுன்னு சொல்லுவேன். இப்பப் பதினேழு. சொன்னாச் சும்மா ஆயிரும்."

வேம்பு ஆடியது. எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் சத்யபிரியா தன்னை அறியாமல் கீழே பார்த்தாள்.

"உனக்குக் கல்யாணம் வேணுமா, பவித்ரா?"

"எனக்கு வேணாங்க்கா" என்றாள் உடனே. "எனக்குப் படிக்கணும். அது அவளுக்குப் பேசுனது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா எனக்குப் பதினாலுன்னு மட்டும் எழுதிறாதீக. எழுதுனா அவ செத்துருவா. அம்மாவுக்குத் தெரிஞ்சு போகும்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. பொதச்ச அன்னைக்குக்கூட அம்மா அழுகலையாம். ஊரே சொல்லும். வந்துருவான்னு சொல்லிட்டு வந்து சோறு பொங்குச்சாம்."

திரும்பும் வழியில் தாடிக்கொம்பு பக்கம் பஸ் நின்றபோது சத்யபிரியா இறங்கி ஓரமாக நின்றாள். யாருக்காக எழுதுவது என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. எழுதாமல் விட்டால், ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் வயதோடு இன்னொரு பிள்ளையின் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். பதினாலு வயதில் வயிற்றில் பிள்ளை வரும். எழுதினால் ஒரு தாயின் வீட்டில் இத்தனை வருடம் தள்ளிவைத்த சாவு நுழையும். நான் படம் பார்க்கிறவள், எனக்கு எதற்கு இந்த வேலை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. போனை எடுத்துக் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அடித்தாள்.

அதிகாரிகள் வயது பற்றி எழுத்தில் கருத்துக் கேட்டார்கள். அட்லஸை இன்னொரு தடவை புரட்டினாள், மதிப்பெண்ணை இன்னொரு தடவை கூட்டினாள். எந்த வழியில் எவ்வளவு பிழை வரும் என்று மூன்று மாதமாக அவள் ஆராய்ந்தது இந்த ஒரு கைக்காகத்தானோ என்று தோன்றியது. எல்லாப் பிழையையும் அந்தப் பிள்ளைக்கு எதிராகவே தள்ளிப் பார்த்தாலும் பதினெட்டு வரவில்லை. பதினாறுக்கு நிச்சயம் கீழே, பெரும்பாலும் பதினாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆடி முடிகிற சமயம், பந்தல்காரன் கம்பு இறக்கிவைத்த நாளில், குழந்தைகள் நல அதிகாரி கௌசல்யா ஜீப்பில் அந்த ஊருக்குப் போனார். விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்று சத்யபிரியாவையும் அழைத்துக்கொண்டார். கௌசல்யா நல்ல மனுஷி, கையில் குச்சி இல்லாத டீச்சர் மாதிரி. கல்யாணம் நடக்காது, மீறினால் வழக்கு என்பதை அதட்டாமல் சொன்னார். முத்துச்சாமி வாசல் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தை நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். நத்தத்துக்கும் போன் போனது. பவித்ரா சுவரோரம் நின்றிருந்தாள். அவள் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைச் சத்யபிரியா பார்த்தாள். அந்தப் பிள்ளை மூச்சே இப்போதுதான் விடுகிறாள் போல இருந்தது. அதோடு ஜீப்பில் ஏறியிருக்கலாம்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றார் கௌசல்யா. "இந்தப் பிள்ளைக்குப் புதுசாப் பிறப்புப் பதியணும். பள்ளிக்கூடம், ஆதார் எல்லாத்துக்கும் அதுதான். அப்ப அந்தப் பழைய சான்றிதழ் மூத்த பிள்ளையோடது. அந்தப் பிள்ளை இறந்ததையும் பதியணும். என்னைக்கு இறந்துச்சு, சொல்லுங்க."

"யாரு?" என்றாள் ஒச்சாயி.

"மூத்த பவித்ரா."

ஒச்சாயி பவித்ராவைப் பார்த்தாள். சத்யபிரியாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "சொல்லிரு ஒச்சாயி" என்றார் முத்துச்சாமி, தலையைத் தூக்காமல். "இன்னும் எத்தன நாளைக்கு."

"மாசி மாசம்" என்றாள் ஒச்சாயி. "வெள்ளிக்கெழம. விடியக்கால எம் மடியிலதேன்." அவ்வளவுதான். தலையை அவிழ்த்துப் போட்டாள். இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்துகொண்டு தரையில் விழுந்தாள். நேற்றுச் செத்த மூன்று வயதுப் பிள்ளைக்கு அழுகிற அழுகை அது. எழவு வீட்டு ஒப்பாரியில் இருக்கும் ராகம்கூட இல்லாமல், வெறும் அலறலாக, பவித்ரா, பவித்ரா என்று கூப்பிட்டாள். கௌசல்யா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பவித்ரா ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அம்மா, நான் இங்கதான இருக்கேன்." ஒச்சாயி நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. அந்தக் கையை, மூன்று வழிகளில் வயது பார்த்த அதே கையை, தன் தோளிலிருந்து மெல்ல எடுத்து அப்பால் வைத்துவிட்டுத் திரும்பவும் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டுப் பூ எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிலத்திலிருந்து ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. இந்த அழுகைக்காக இத்தனை வருடம் காத்திருந்தவர்கள் போல ஒச்சாயியைச் சுற்றி உட்கார்ந்து, அவள் தோளில் தலையைச் சாய்த்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். சத்யபிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரியானதைத்தான் செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்தும் ஒச்சாயியின் பக்கத்தில் போகவில்லை.

பவித்ரா வெளியே வந்து வாசலில், இறக்கிப்போட்ட பந்தல் கம்புகளின் மேல் உட்கார்ந்தாள். ஊருக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், இடுப்பில் பூக்கூடையோடு, மூச்சிரைக்கக் கடைசியாக வந்து சேர்ந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பவித்ராவிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"யாரு தவறுனது?"

"நாந்தேன்" என்றாள் பவித்ரா. பிறகு அந்தப் பெண் உள்ளே போக வழிவிட்டுக் கால்களை மடக்கிக்கொண்டாள்.